அட்டன்பரோ: ஓர் அருகிய ஆங்கில வம்சப்பெயரின் சரித்திரம்

மக்கள் ஒருவரையொருவர் பிரித்தறியும் பொருட்டுப் பெயரிட்டு வழங்குதல் எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கமேயாயினும், பெயரிடும் முறை தேசந்தோறும் வேறுபடுகின்றது. நம்மவருள் ஒருவன் தன் பெயருக்கு முன்னே தந்தைபெயரின் முதலெழுத்தைத் தரிக்கின்றான். அவன் மகனோ பாட்டனுடைய எழுத்தை விடுத்துத் தன் தந்தையின் எழுத்தைத் தரிக்கின்றான். இவ்வாறு தலைமுறைதோறும் எழுத்து மாறிக்கொண்டே வரும். ஆங்கிலேயரிடத்திலோ இயற்பெயருக்குப் பின் நிற்கும் வம்சப்பெயர், மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று 600, 700 ஆண்டுகளாக மாறாமல் இறங்கி வருகின்றது.

ஆதலின் அவர்களிடையே நெடுநாளாக ஒரு வினா இருந்து வந்தது. ஒரே வம்சப்பெயருடைய இருவர் எங்கேனும் சந்திப்பராயின், அவர்கள் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் தாமோ? பெயர் ஒன்றாயின் இரத்தமும் ஒன்றோ? ஸ்மித் என்னும் பெயரைக் கொண்டு இதனை ஆராய்தல் வீண். ஸ்மித் என்றால் கொல்லன். கொல்லன் இல்லாத கிராமம் இல்லை. அப்பெயருடையார் இன்று பிரிட்டனில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டிருக்கின்றனர். அவர்கள் யாவரும் ஒரு தந்தை வழியினர் என்று எவரும் சொல்லார். மிகச் சிலரே தரித்து, தேசத்தின் ஒரு மூலையில் மட்டும் வழங்கும் அருகிய பெயரே இவ்வினாவுக்கு ஏற்ற உரைகல். அத்தகைய பெயர்களுள் அட்டன்பரோ என்பதை இங்கே எடுத்துக்கொள்வோம். இப்பெயர் நம் தேசத்தாருக்குப் புதிதன்று. 1982-ம் ஆண்டில் வெளிவந்த ‘காந்தி’ என்னும் திரைப்படத்தை ஆக்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. அவருடைய தம்பியார் டேவிட் அட்டன்பரோ, விலங்கு பறவைகளின் வாழ்க்கையைத் தொலைக்காட்சி வாயிலாக உலகத்தாருக்குக் காட்டியவர்.

இங்கிலாந்தில் வம்சப்பெயர் ஆதிமுதல் இருந்ததன்று. 1066-ம் ஆண்டில் நார்மானியர் அந்நாட்டை வென்ற பின்னரே, நிலப்பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வழங்கத் தொடங்கினர். பிறகு நகரத்து வணிகரும் குடியானவரும் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர். சுமார் 1400-ம் ஆண்டளவில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலையான பெயர் ஏற்பட்டுவிட்டது. வடபாகத்தில் மட்டும் சற்றுத் தாமதித்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரியின் பதிவுகளில், எளிய குடிகளும் தத்தம் பெயரோடு காணப்படுகின்றனர். செய்தொழில், தந்தையின் பெயர், உருவத்தையோ குணத்தையோ பற்றிய பட்டப்பெயர், ஊர் ஆகியவற்றிலிருந்தே இப்பெயர்கள் எல்லாம் பிறந்தன.

அட்டன்பரோ என்பது ஊரால் வந்தது. நாட்டிங்ஹாம் நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 5 மைல் தூரத்தில், ட்ரென்ட் நதியின் வடகரையில் அப்பெயருள்ள சிற்றூர் உளது. தூய மரியன்னையின் பெயரால் வழங்கும் பழைய தேவாலயம் ஒன்று அங்கே இருக்கின்றது. ஊரை அடுத்த ஆற்றுப்படுகையில் பல ஆண்டுகளாகச் சரளைக்கல் தோண்டி எடுத்தமையால் உண்டான பள்ளங்களில் நீர் நிரம்பி, இப்போது அவை பறவைகள் வந்து தங்கும் ஏரிகளாக விளங்குகின்றன. அவ்விடத்தை 1966-ம் ஆண்டில் பறவைகளின் காப்பிடமாகத் திறந்து வைத்தவர் மேற்சொன்ன டேவிட் அட்டன்பரோவே. ஊரின் பெயரைத் தரித்தவர் ஊருக்கே வந்து அந்த நற்காரியத்தைச் செய்தது பொருத்தமன்றோ?

ஊர்ப்பெயரின் பொருளைப் பற்றி இரண்டு கொள்கைகள் உள. பழைய ஆங்கிலத்தில் ‘பர்ஹ்’ என்பது அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும். அட்டா என்பானொருவனுடைய அரண் இருந்த இடமாதலின் இப்பெயர் வந்தது என்பது ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாளர் கொள்கை. வம்சப்பெயரை மட்டும் தனியே ஆராய்ந்த வேறு சிலரோ, ‘அட்டன்’ என்பதற்கு ‘அவ்விடத்தில்’ என்று பொருள் கொண்டு, அரணருகே வசிப்பவன் எவனும் இப்பெயர் பெற்றிருக்கலாம் என்பர். பின்னையோர் கூற்று உண்மையாயின், அரணிருந்த பற்பல இடங்களில் இப்பெயர் தனித்தனியே தோன்றி, தேசமெங்கும் சிதறிக் காணப்படுதல் வேண்டும். அவ்வாறு காணப்படவில்லை. அப்பெயரினர் செறிந்திருக்கும் இடம் நாட்டிங்ஹாம்ஷயரும் அதனை ஒட்டிய டார்பிஷயருமே. சொல்லை மட்டும் நோக்கினால் தீராத வழக்கு, தேசப்படத்தை நோக்கினால் தீர்ந்துவிடுகின்றது என்பதே நம் அபிப்பிராயம்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஓர் ஊரில் வாழ்பவனை அவ்வூரார் அவ்வூர்ப் பெயரால் அழைப்பதில்லை. எல்லோரும் அவ்வூராராக இருக்கையில் அப்பெயரால் யாரைப் பிரித்தறிய முடியும்? ஊரை விட்டு நீங்கி அயலூரில் குடியேறியவனையே அங்குள்ளோர் ‘அட்டன்பரோக்காரன்’ என்றனர். எனவே இப்பெயரை முதலில் தரித்தவன் அட்டன்பரோவில் வாழ்ந்தவனல்லன். அதனை விட்டுப் போனவன். அவ்வூரில் பிறந்தோருள் சரித்திரப் பிரசித்தி பெற்றவர் ஹென்றி அயர்ட்டன். இவர் 1611-ம் ஆண்டில் அவ்வூர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். ஆலிவர் கிராம்வெல்லின் மகளை மணந்தவர். 1649-ல் முதலாம் சார்லஸ் மன்னனுக்கு மரணதண்டனை விதித்த பத்திரத்தில் கையொப்பமிட்டவருள் ஒருவர். அட்டன்பரோவில் பிறந்த இவருடைய வம்சப்பெயரோ, டார்பிஷயரில் உள்ள அயர்ட்டன் என்னும் வேறோர் ஊரின் பெயர்!

வெளியேறியவன் வெகுதூரம் போகவில்லை. ட்ரென்ட், எரிவாஷ், சோர் என்னும் மூன்று நதிகள் கலக்கும் பிரதேசம் அது. நாட்டிங்ஹாம், டார்பி, லெஸ்டர் என்னும் மூன்று ஜில்லாக்களின் எல்லைகளும் அங்கே சந்திக்கின்றன. நல்ல வண்டல் நிலமும், பக்கத்திலேயே சந்தை நகரங்களும் இருந்தமையால் உழவர்க்கு வேற்றிடம் நாட வேண்டிய தேவை நேரவில்லை. பின்னர்க் காலுறை பின்னுந் தறிகளும், 19-ம் நூற்றாண்டில் பீஸ்டன், லாங் ஈட்டன், ஸ்டேப்பிள்ஃபோர்டு முதலிய ஊர்களில் சரிகைப்பின்னல் போன்ற ‘லேஸ்’ நெய்யும் ஆலைகளும் ஏற்படவே, நிலத்தை இழந்தவர்க்கும் அண்டையிலேயே பிழைப்புக் கிடைத்தது. பெயர் இடம்பெயராமைக்கு இவையே காரணம்.

இத்தகைய நிலைபேற்றை முதன்முதல் விரிவாக எடுத்துக்காட்டியவர் ஹென்றி கப்பி என்னும் வைத்தியர். இவர் பவளப்பாறைகளையும் தாவரங்களையும் ஆராய்ந்த இயற்கைநூற் புலவருமாவர். தேசத்தில் மிகுதியும் இடம்பெயராதவர் உழவரே என்று தேர்ந்து, ஜில்லாதோறும் அச்சிடப்பட்ட விலாசப் புத்தகங்களிலிருந்து உழவர் பெயர்களை மட்டும் எண்ணி, எந்தப் பெயருக்கு எந்த ஜில்லா தாயகம் என்று வகுத்து 1890-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் 1881-ம் ஆண்டுக் குடிக்கணக்கு முழுவதையும் தொண்டர்கள் பெயர்த்தெழுதித் தந்தமையால், கப்பி கையால் எண்ணியதை எந்தப் பெயருக்கும் தேசப்படமாகவே வரைந்து காணும் வசதி உண்டாயிற்று. அட்டன்பரோவைப் போன்ற நூற்றுக்கணக்கான ஊர்வழிப் பெயர்கள், புகைவண்டி ஓடத் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேல் சென்ற பின்னரும், தாம் பிறந்த ஊரை ஒரு நாள் நடைத் தூரத்துக்குள்ளேயே சூழ்ந்து நின்றமை அப்படங்களால் விளங்கும்.

ஒரு சிலர் தூரமும் சென்றனர். 19-ம் நூற்றாண்டு லண்டனில் பல வீதிகளில் இருந்த அடகுக்கடைகளின் மேல் இப்பெயர் காணப்பட்டது. அந்நகரத்தில் கைப்பொருள் முடைப்பட்டோர்க்கு இப்பெயர் நன்கு பழகியிருந்தது. எழுதுவோர் செவிக்குப் பட்டபடி அட்டன்பரோ என்றும் அட்டன்பாரோ என்றும் இறுதியெழுத்துக்களைக் கூட்டியும் குறைத்தும் பதிந்தமையால், இன்று பல எழுத்து வேறுபாடுகளும் வழங்குகின்றன. காந்தி படத்தை ஆக்கியவரின் தந்தையாராகிய ஃபிரெடரிக் அட்டன்பரோ 1887-ம் ஆண்டில் பிறந்த இடம் ஸ்டேப்பிள்ஃபோர்டு. அஃது அட்டன்பரோவிலிருந்து ஏறக்குறைய 3 மைல் தூரமே. பெயர் தோன்றிச் சுமார் 600 ஆண்டுகள் கழிந்தும், உலகப் புகழ் பெறவிருந்த அக்குடும்பம் 3 மைல் தூரமே நகர்ந்திருந்தது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். ஏட்டுச் சான்றுகளைக் கொண்டு இதனைத் தீர்த்தல் அரிது. தேவாலயங்களில் பிறப்பு, மணம், இறப்புப் பதிவு செய்யும் வழக்கம் 1538-ம் ஆண்டில்தான் தொடங்கிற்று. அதற்கு முந்திய எளியோர் வரலாறு பெரும்பாலும் இருளே. இவ்விருளில் விளக்கேற்றியது உயிர்நூல். ஆண்மகனுடைய உடலணுக்களில் ‘ஒய்’ எனப்படும் ஒரு குரோமோசோம் உண்டு. பெண்களுக்கு அஃது இல்லை. வம்சப்பெயரைப் போலவே அதுவும் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். செல்லும் வழியில் எப்போதேனும் ஒரு சிறு மாறுதல் நேரும். நேர்ந்த மாறுதல் அவன் வழியினர் யாவரிடத்தும் நிலைத்துவிடும். நம் ஏட்டுச்சுவடிகளில், ஒரே பிழைகளை உடைய இரண்டு பிரதிகளைக் கண்டால் அவை ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என்று பதிப்பாசிரியர்கள் துணிவார்கள் அல்லவா? இம்முறையும் அத்தகையதே.

ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளரான பிரையன் ஸைக்ஸ் என்பார், தம் பெயரையே தரித்த 48 ஆடவரை இவ்வாறு பரிசோதித்து 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஸைக்ஸ் என்பது யார்க்ஷயரில் சிறு நீரோடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஓடைகள் பலவாதலின் அப்பெயரும் பல இடங்களில் தோன்றியதென்றே புலவர்கள் கருதியிருந்தனர். ஆயின் பரிசோதிக்கப்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஒரே வகைக் குரோமோசோம் காணப்பட்டது. அயலார் எவரிடமும் அவ்வகை காணப்படவில்லை. அதன்பின் லெஸ்டர் சர்வகலாசாலையில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் என்னும் இருவரும் 40 வம்சப்பெயர்களைத் தரித்த 1,678 ஆடவரைப் பரிசோதித்து 2009-ல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் தலையாயது. பெயர் எவ்வளவுக்கு அருகியதோ, அவ்வளவுக்கு அதனைத் தரித்தோர் ஒரே மூதாதையின் வழியினராக இருப்பது தெரியவந்தது. ஸ்மித் என்பாரிடையே அத்தகைய ஒருமை இல்லை. அட்டன்பரோ என்பாரில் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் ஒரே குரோமோசோமை, அல்லது அதனினும் மிகச் சிறிதே வேறுபட்டதைத் தரித்திருந்தனர்.

இந்த லெஸ்டர் சர்வகலாசாலை முன்பு ஒரு கல்லூரியாக இருந்த காலத்தில், 1932 முதல் 1951 வரை அதன் தலைவராக இருந்தவர் மேற்கூறிய ஃபிரெடரிக் அட்டன்பரோவே என்பது வியப்பன்றோ! ரிச்சர்டும் டேவிட்டும் அக்கல்லூரி வளவிலேயே வளர்ந்தவர்கள். ஃபிரெடரிக் பழைய ஆங்கிலத்தில் வல்லவர். ஆதி ஆங்கில மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்து மொழிபெயர்த்து 1922-ல் வெளியிட்டவர். தம் பெயரின் மூலத்தை, தாம் வளர்த்த கல்விச்சாலையே பிற்காலத்தில் ஆராயுமென்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

ஆகவே, அருகிய பெயரைப் பொறுத்தவரை, பெயர் ஒன்றாயின் பெரும்பாலும் தந்தைவழியும் ஒன்று என்பது உறுதியாயிற்று. ஆயின் இதனைக் கொண்டு, ஒரு மாபெரும் ஆதிபுருஷன் இருந்தான், அவன் மரபு கலப்பின்றிப் பல்கியது என்று பெருமை பேசுவோர் சற்றே நிதானிக்க வேண்டும். அப்பெருமைக்கு இவ்வாராய்ச்சி இடந்தருவதில்லை.

1873-ம் ஆண்டில் பிரான்ஸிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர், பெரியோர் குடும்பங்கள் விரைவில் அற்றுப்போவதேன் என்னும் ஐயத்தைக் கணித வினாவாக அமைத்து ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். ஹென்றி வாட்ஸன் என்னும் பாதிரியார் அதற்கு விடை கண்டார். அவர் விடையில் ஒரு பிழை இருந்ததைப் பிற்காலத்தார் திருத்தினர். முறை மட்டும் இன்றளவும் நிற்கின்றது. அதனை எளிதாகச் சொல்வோம். ஒரு நாட்டில் 100 பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப்பெயர் என்று கொள்க. சராசரி ஒருவனுக்கு ஒரு மகன் வளர்ந்து ஆளாகின்றான். ஆயின் தற்செயலாக ஒருவனுக்கு மூவர், ஒருவனுக்கு எவருமில்லை. இங்ஙனம் கணக்கிட்டால், முதல் தலைமுறையிலேயே சுமார் 37 பெயர்கள் அழிந்துபடும். 10 தலைமுறைக்குள் ஏறக்குறைய 84 பெயர்கள் மறைந்துபோகும். எஞ்சிய பதினாறே அத்தனை ஜனங்களுக்கும் பெயராக நிற்கும். இதில் பஞ்சமும் இல்லை, பகையும் இல்லை, ஒருவன் மற்றொருவனினும் உயர்ந்தவன் என்பதுமில்லை, வெறும் தற்செயலே. உண்மையிலோ 1348, 1349-ம் ஆண்டுகளில் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்தின் குடிகளில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு சென்றது. எத்தனை பெயர்கள் அப்போதே மாண்டனவோ!

கிங், ஜாப்லிங் ஆகியோரது கட்டுரையும் இதற்கு இயைந்ததே. இன்றுள்ளோர்க்குப் பொதுவான மூதாதை பல பெயர்களில், பெயர் தோன்றிய காலத்துக்கு மிகவும் பிற்பட்டவனாகவே காணப்படுகின்றான். அஃதாவது, ஊரை விட்டு நீங்கி அட்டன்பரோ என்று பெயர் பெற்றவர் பலராக இருந்திருக்கலாம். ஆண்மக்கள் இன்றி ஏனையோர் வழி அறுந்துபோக, ஒருவன் வழி மட்டும் தற்செயலாய் நிலைத்திருக்கலாம். இன்று காணும் ஒருமை, தொடக்கத்தின் ஒருமைக்குச் சான்றன்று. எஞ்சியதன் ஒருமைக்கே சான்று.

பெயர் ஒருபுறமும் இரத்தம் மற்றொருபுறமும் பிரிந்து செல்வதும் உண்டு. ஸைக்ஸ் கணக்கின்படி, தலைமுறைதோறும் நூற்றுக்கு 1.3 வீதம் அத்தகைய முறிவு நேர்ந்திருக்கக்கூடும். முறிவென்றவுடன் ஒழுக்கக்கேட்டை மட்டும் நினைத்தல் நியாயமன்று. தத்துப்பிள்ளை தத்தெடுத்தவர் பெயரைத் தரிப்பான். விதவையின் மகன் மாற்றாந்தந்தையின் பெயரைத் தரிப்பான். சொத்தின் பொருட்டு மனைவியின் குடிப்பெயரை ஏற்பாருமுண்டு. வட இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற பிரபு குலம் பெர்ஸி என்பது. 1740-ம் ஆண்டில் அக்குலத்து வாரிசை மணந்த ஹியூ ஸ்மித்ஸன் என்பார் 1750-ல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் தம் பெயரை பெர்ஸி என்று மாற்றிக்கொண்டார். 1766-ல் நார்த்தம்பர்லாந்துப் பிரபுவானார். ஆகவே இன்றைய பெர்ஸிப் பிரபுக்கள் ஆண்வழியில் ஸ்மித்ஸன்களே. அவருக்கு மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறந்த ஜேம்ஸ் என்னும் மகன், தந்தை துறந்த ஸ்மித்ஸன் பெயரைத் தான் எடுத்துக்கொண்டான். அவன் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு 1846-ல் வாஷிங்டன் நகரத்தில் நிறுவப்பெற்ற கலாசாலைக்கு அப்பெயரே வழங்குகின்றது.

யார்க்ஷயரின் கீழ்ப்பகுதியில் மட்டும் வழங்கும் அருகிய பெயர் ஒன்றைத் தரித்த 18 ஆடவரை லெஸ்டர் அறிஞர்கள் பரிசோதித்து 2007-ல் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. அவர்களுள் எழுவரிடம் காணப்பட்ட குரோமோசோம் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வகையது! நிறத்தாலும் தோற்றத்தாலும் அவர்கள் மற்ற ஆங்கிலேயரினின்றும் வேறுபட்டவரல்லர்; ஆப்பிரிக்க மூதாதை ஒருவர் இருந்தார் என்னும் செவிவழிச் செய்தியும் அவர்களிடம் இல்லை. 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இரண்டு கிளைகளாக அவர்கள் மரபைப் பதிவேடுகளில் தொடர முடிந்தது. எனவே அந்த ஆப்பிரிக்க மூதாதை அதற்கும் முந்தியவர். ரோமர் காலத்தில் வட எல்லைச் சுவரைக் காத்த ஆப்பிரிக்கப் படைவீரனோ, பிற்காலத்து அடிமை வியாபாரத்தில் சிக்கி வந்தவனோ, யார் சொல்ல வல்லார்?

மன்னர் குலமும் இதற்கு விலக்கன்று. 1485-ல் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-ல் லெஸ்டர் நகரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. தாய்வழிச் சோதனை பொருந்தி, அஃது அவனுடையதே என்று துணியப்பட்டது. தந்தைவழிச் சோதனையோ பொருந்தவில்லை. மூன்றாம் எட்வர்டின் ஆண்வழியில் வந்ததாகச் சரித்திரம் கூறும் பிரபு குலத்தார் ஐவருள் ஒருவரேனும் ரிச்சர்டோடு ஒக்கவில்லை. அவ்வைவருள்ளும் ஒருவர் ஏனைய நால்வரினின்றும் வேறுபட்டார். இவ்வளவு கவனமாக எழுதிவைக்கப்பட்ட வமிசாவளியிலும், எங்கோ ஓரிடத்தில் கயிறு அறுந்திருந்தது.

இவை யாவும் தந்தைவழி ஒன்றைப் பற்றியனவே. பத்துத் தலைமுறை மேற்சென்றால் ஒருவனுக்கு மூதாதையர் இடம் 1,024. அவருள் தன் பெயரைக் கொடுத்தவர் ஒருவரே. எஞ்சிய 1,023 பேரைப் பற்றி அட்டன்பரோ என்னும் பெயரும் பேசாது, ஒய் குரோமோசோமும் பேசாது. சார்லஸ் டார்வினுடைய மகனார் ஜார்ஜ் டார்வின், இங்கிலாந்தில் நெருங்கிய உறவுத் திருமணங்கள் எத்தனை என்றறிய, மணமக்கள் இருவரும் ஒரே வம்சப்பெயர் உடையராயிருக்கும் திருமணங்களை எண்ணி 1875-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். அவ்வாறு ஒரே பெயருடைய உறவினர் சிற்றப்பன் பெரியப்பன் மக்கள். நம்முள் அவர்கள் அண்ணன் தங்கை முறையினர். ஜார்ஜின் பெற்றோரோ நம் வழக்கத்துக்கு முற்றும் இயைந்தவர்கள்: சார்லஸ் டார்வின் மணந்தது தம் தாய்மாமன் மகளாகிய எம்மா வெட்ஜ்வுட்டை. அவர்கள் பெயர் வேறாதலின், பெயரை மட்டும் எண்ணும் அப்பட்டியலில் அத்திருமணம் இடம்பெறாது. அக்குறையை ஜார்ஜ் வேறு வகையால் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று.

ஃபிரெடரிக் அட்டன்பரோவின் மனைவியார் மேரி, லாங் ஈட்டனில் பள்ளித் தலைவராயிருந்த ஸாமுவேல் கிளெக் என்பவரின் மகள். 1939-ம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதச் சிறுமியர் இருவரை இத்தம்பதிகள் தம் இல்லத்தில் ஏற்றனர். சில நாள் தங்கிப் போவார்கள் என்று எதிர்பார்த்திருந்த வேளையில் யுத்தம் மூண்டுவிட்டது. இனி இவர்கள் உங்கள் சகோதரிகள் என்று பெற்றோர் தம் மூன்று புதல்வரிடமும் சொல்லிவைத்தனர். அச்சிறுமியர் யுத்தம் முடியும்வரை அவ்வீட்டிலேயே வளர்ந்து, பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றனர். அவர்கள் தரித்திருந்தது தம் சொந்தத் தந்தையின் பெயரையே.